தாமோதரன் தேய்த்த கண்ணாடி

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். உங்களுக்கும் ஐம்பது தாண்டியிருந்தால் எடுத்திருப்பார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை நுழைத்து உட்கார வைப்பார்கள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதை விட்டுக் கண்ணை நகர்த்தக் கூடாது. சுற்றிலும் எங்கேயாவது ஒரு பொடி வெளிச்சம் மினுக்கிவிட்டுப் போகும். சிலது பளிச்சென்று இருக்கும், சிலது இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். "நேரா பாருங்க சார், தேடாதீங்க" என்று அந்தப் பெண் அதட்டினாள். நேராகப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் இருப்பதைப் பிடிப்பது எனக்கு என்ன புதுசா? அந்த வித்தையில் எங்கள் செட்டில் தாமோதரனை அடிக்க ஆளே கிடையாது. அவருக்குத்தான் அது போயிற்று. அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தபடியே அவரை நினைத்துக்கொண்டிருந்ததில் பட்டனை அழுத்த மறந்துவிட்டேன். முழு டெஸ்டையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

செட் என்றால் பெரிய சங்கமெல்லாம் இல்லை, மூன்றே பேர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். நஸீருக்குப் பூந்தமல்லியில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை. தாமோதரன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டர். போலீஸ் என்று நினைத்துவிடாதீர்கள், செய்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து 'தேறும், தேறாது' என்று சொல்கிற வேலை. எங்கள் இருவருக்கும் அவர் மூத்தவர், ஆகவே அண்ணாத்தே. ஒரு வால்நட்சத்திரம் வந்த வருஷம், யாரோ மைதானத்தில் டெலஸ்கோப் வைத்துக் காட்டினார்கள் என்று போய் வரிசையில் நின்றோம். அங்கேதான் பழக்கம். கடைசியில் எங்கள் முறை வந்தபோது தெரிந்தது ஒரு அழுக்குத் துளி. தாமோதரன் எனக்கு முன்னால் நின்றவர், திரும்பி என்னிடம், "இதுக்கா இம்மா நேரம் நின்னோம்? நாமளே செஞ்சா இத வுட நல்லாத் தெரியும் நைனா" என்றார். முன்பின் தெரியாத ஆளிடம் இப்படிப் பேசுகிறவரை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

சொன்னபடி செய்தோம். இன்றைக்கும் ரோடு போடுகிற இடத்தில் தார் உருகும் வாசனை வந்தால் நான் மூக்கைப் பொத்துவதில்லை, நின்று நன்றாக இழுப்பேன். என் மனைவிக்கு மானம் போகும். எனக்கு அது கண்ணாடி பாலிஷ் போடுகிற வாசனை. இந்த வகை டெலஸ்கோப்பில் குழாயின் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், குழிந்த கண்ணாடி. அதைக் கடையில் வாங்குகிறவன் பணக்காரன், தேய்க்கிறவன் பைத்தியக்காரன். நாங்கள் இரண்டாவது ரகம். டிரம் மேல் ஒரு தடித்த கண்ணாடி வட்டை வைத்து, கரகரப்பான பவுடரும் தண்ணீரும் போட்டு, மேலே இன்னொரு வட்டை வைத்து, டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி மாதக்கணக்கில் தேய்க்க வேண்டும். மேல் கண்ணாடி மெல்லக் குழியும். அந்தக் குழிவு ஒரு தோசைக் கனம் வந்தால் அதிகம். அப்புறம் தாரை உருக்கி ஊற்றிய தட்டின் மேல் சிவப்புப் பவுடர் போட்டுப் பாலிஷ். கடைசியாக அலுமினியப் பூச்சு. தாமோதரனின் மனைவி கஸ்தூரி ஒருநாள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்: "அண்ணா, எங்கூட்டு சட்டியில தார் காய்ச்சறாருண்ணா. நாளைக்கு நான் அதுல ரசம் வெக்கிறதா இன்னா?"

என் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதில் வியாழன் பிதுக்கிய எலுமிச்சம்பழம். நஸீர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, வியாழனுக்கு வால் மொளச்சிக்கீது?" என்று கேட்டான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் செட்டின் சட்டமே அதுதான். அடுத்தவன் கண்ணாடியில் கண்ணை வைத்தால் ஒரு குறையோடுதான் எழுந்திருக்க வேண்டும். விளிம்பு சரிந்திருக்கிறது, நடுவில் மேடு தட்டுகிறது, கீறல், மங்கல், ஏதோ ஒன்று. குறை கேட்டவன் வீட்டுக்குப் போய் மறுபடி தேய்ப்பான், அடுத்த மாதம் அதைவிட நல்லதாகக் கொண்டுவருவான். யாராவது 'நல்லாக் கீது' என்று சொன்னால்தான் ஆபத்து. இது திட்டுவதற்குக்கூட லாயக்கில்லை, தூக்கிப் பரண்மேல் போடு என்று அர்த்தம். எனக்கு இரண்டொரு தடவை 'நல்லாக் கீது' கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை திருநின்றவூர் ஏரிக்கரை. அப்போது அங்கே நல்ல இருட்டு. மூன்று குழாய்களையும் எலெக்ட்ரிக் டிரெயினில் கூடைக்காரர்கள் ஏறுகிற பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். "இன்னாபா இது, பீரங்கியா?" என்று ஒரு கீரைக்கார அம்மா கேட்க, "ஆமா, உங்கூட்டு மேலதான் மொத குண்டு" என்பார் தாமோதரன். அந்த அம்மா விடவில்லை, "போடு போடு, எம் மருமவ உள்ளதான் கீறா" என்றாள்.

ஓரியன் என்கிற வேடன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே ஒரு புகைமூட்டம் மாதிரி வெளிச்சம் உண்டு. நடுப்பகுதி யாருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் விரியும் மங்கல் ஒளியை நேராகப் பார்த்தால் காணாமல் போகும். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஓரக்கண்ணால் பார்த்தால் மெல்ல வந்து நிற்கும். தாமோதரன் அதை எங்களுக்கு முன்னால் பிடிப்பார், எங்களைவிடத் தூரம்வரை பிடிப்பார். "காக்கா றெக்க விரிச்சா மாதிரி கீது, பாருங்கடா குருட்டுப் பசங்களா" என்று கத்துவார். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொல்வார்.

ஒரு தை மாதம், இருட்டிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "மங்கலாக் கீதே. றெக்கையக் காணோம்" என்றார். நஸீர் போய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "இல்லியே அண்ணாத்தே, நல்லாத்தான் கீது" என்றான். அவன் சொன்னது சத்தியம், நானும் பார்த்தேன். தாமோதரன் முகம் சுண்டிப்போயிற்று. "கலாய்க்கிறியா?" என்று கேட்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது டிரெயினில் எங்களை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கண்ணில் அழுத்தம் ஏறுகிற ஒரு நோய் உண்டு, தாமோதரனுக்கு வந்தது அதுதான், அது எவனிடமும் சொல்லிக்கொண்டு வராது. வலி கிடையாது, சிவக்காது, பேப்பர் படிக்கலாம், அளவுகோலில் கோடு எண்ணலாம். ஓரத்தை மட்டும் சத்தமில்லாமல் தின்றுகொண்டே வரும். ஊரில் அந்த நோய் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் காக்கா றெக்கை காணாமல் போயிருக்கும்? தாமோதரனுக்குப் போயிற்று. அவ்வளவு முன்னால், அவ்வளவு தெளிவாக அவருக்கு எச்சரிக்கை வந்தது. பாவி மனுஷன் அதைத் தூக்கிக் கண்ணாடி மேல் போட்டார்.

பூச்சு போய்விட்டது என்றார், புதுப் பூச்சு போட்டார். அதுவும் மங்கல். பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தார். கடைசியில் பழையது உருப்படாது என்று சொல்லி, அதைவிடப் பெரிய கண்ணாடி ஒன்றை எடுத்து முதலிலிருந்து தேய்க்க உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ் பால்கனி முழுக்கச் சிவப்பு. அந்தப் பெரிய கண்ணாடியை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்த அன்றைக்கு றெக்கை தெரிந்தது! பெரிய கண்ணாடி வெளிச்சத்தை அதிகம் வாங்கும், தெரியத்தானே செய்யும். மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "நான்தான் சொன்னேன்ல, கோளாறு கண்ணாடியிலதான்னு!" எங்களுக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அவருக்கு மிச்சமிருந்த காலத்தையும் சாப்பிட்டுவிட்டது.

இதற்கிடையில் டிரெயின் கதவில் இடித்துக்கொள்வார், பக்கத்திலிருந்து நீட்டிய டீயைத் தட்டிவிடுவார். "அண்ணாத்தே வானத்தையே பாத்துக்கினு நடக்கறாரு" என்று நஸீர் கிண்டல் பண்ணுவான், அவரும் சிரிப்பார். கண்ணைக் காட்டுங்கள் என்று கஸ்தூரி பிடுங்கியதில், மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தார். நேராகப் பார்ப்பதில் அவருக்கு அப்போதும் குறையே இல்லை.

பெரிய கண்ணாடியும் மங்கத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை ஏரியில் வலை போட வந்த ஒருவரை நஸீர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். எங்கள் சட்டமெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாதே, அவர் சொன்னால் தாமோதரன் நம்புவார் என்பது எங்கள் கணக்கு. வந்தவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். "யம்மாடி! இன்னா சார் இது, காக்கா றெக்கயாட்டம் கீது" என்றார். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. தாமோதரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதே வார்த்தையச் சொல்லிக் குடுத்து இட்டாந்துக்கீறீங்க. நல்லா இருங்கடா" என்றார். குழாயைக் கழற்றிக் கட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். வலைக்காரர், "நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அப்புறம் அவர் வருவதில்லை. பால்கனியில் தேய்க்கிறார், தேய்த்துக்கொண்டே இருக்கிறார் என்று கஸ்தூரி சொல்லுவார். ஒரு சாயங்காலம் பூந்தமல்லி ரோட்டில், சந்திலிருந்து வந்த மீன்பாடி வண்டியில் மொபெட்டைக் கொண்டுபோய் விட்டார். தோள் எலும்பு முறிந்தது. கட்டுப்போட்ட டாக்டர், வண்டி கண்ணில் படவே இல்லை என்று இவர் சொன்னதைக் கேட்டுச் சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன். கண் டாக்டர் அதே கிண்ண டெஸ்டை எடுத்துவிட்டு அதன் படத்தைக் காட்டினார். ஒரு கண் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. இன்னொன்று பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். போனது திரும்பாது என்றார். பிறகு, "இத்தனை வருஷமா எப்படி சார் கவனிக்காம இருந்தீங்க?" என்று கேட்டார்.

"கவனிச்சேன் டாக்டர்" என்றார் தாமோதரன். "கண்ணாடியத்தான் கவனிச்சேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே நஸீர் அவர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தான். ஒரு சின்ன பல்பும் பிளேடும் வைத்துச் செய்கிற சோதனை. குறை இருந்தால் கண்ணாடியில் நிழலாகத் தெரியும். ராத்திரி எனக்குப் போன் பண்ணினான். "மாமே, ஒரு கொறையும் இல்ல மாமே. இப்பிடி ஒரு கண்ணாடி நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அழுதான்.

சொட்டு மருந்து, ஆபரேஷன், இன்னொரு ஆபரேஷன். சில வருஷங்களில் இரண்டு கண்ணும் இருண்டன. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டுத் திருநின்றவூரில், அந்த ஏரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். அங்கேதான் மனை மலிவாகக் கிடைத்தது. நானும் நஸீரும் போயிருந்தபோது, தாமோதரன் கஸ்தூரியிடம் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். பழைய வேட்டியில் சுற்றியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டார்.

"நெஜத்தச் சொல்லுங்கடா. இதுல கோளாறு இருந்துச்சா, இல்லியா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கோளாறு இருந்திருந்தால் அந்த வருஷங்கள் வீண் இல்லை, அவர் முட்டாள் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நஸீர் என் தொடையை அழுத்தினான்.

"இருந்துச்சு அண்ணாத்தே. விளிம்பு சரிஞ்சிக்கீது."

"எங்க?"

நஸீர் அவர் விரலைப் பிடித்து விளிம்பில் வைத்தான். கண்ணாடியின் பூச்சுப் போட்ட பக்கத்தில் எங்களில் எவனும் விரல் வைத்ததில்லை, வியர்வை பட்டால் பூச்சைத் தின்றுவிடும். அதுவும் இல்லாமல், கண்ணாடிக் குறை என்பது தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எந்த விரலுக்கும் அகப்படாது. வாழ்க்கை முழுக்க அளந்தே பிழைத்தவருக்கு அது தெரியாதா? தாமோதரன் விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"ஆமா நைனா" என்றார். "தெரியுது."

கஸ்தூரி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏரிக்கரையை ஒட்டி இப்போது அடுக்குமாடிகள், விடிய விடிய விளக்கு. நஸீர் தன் குழாயை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டான். என்னுடையது பரண்மேல். மூன்று பேரும் வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம். மருந்து போட்டீங்களா, சாப்டீங்களா என்று பதவிசாக விசாரித்துக்கொள்கிறோம். ஏதாவது சண்டைக்கு இழுக்கலாம் என்று நான் எதையாவது உளறிப் பார்ப்பேன். தாமோதரன், "சரி நைனா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். உன்னுது தேறாது என்று என் முகத்துக்கு நேரே சொல்ல இப்போது எனக்கு ஒரு ஆளும் இல்லை.