மூன்றாவது முடிச்சும் என் சிவந்த கண்ணும்

தை மாதம் நெரவிப் பக்கம் சம்பா அறுவடை மிஷின் இறங்கிவிட்டால் என் கண்ணுக்குச் சனி பிடித்துவிடும். ஸ்கூட்டரில் காரைக்காலுக்கு வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் வைக்கோல் தூசி ஏறி, கண் சிவந்து, மணலை அள்ளிப் போட்டதுபோல் அறுக்கும். அப்படியொரு தையில்தான் தம்பிக்குக் கல்யாணம். அவனோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். தாலியின் மூன்றாவது முடிச்சை நான் போட வேண்டும்.

கண் டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். "இது அலர்ஜிங்க. கண்ணும் காஞ்சு போயிருக்கு. தேய்க்காதீங்க, சொட்டு மருந்த விடாம போடுங்க, வெளியில போனா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கங்க. யாருக்கும் ஒட்டாது."

அந்தக் கண்ணாடிதான் வினையானது. எங்கள் ஊரில் ஒரு பெண் கறுப்புக் கண்ணாடி மாட்டினால் அது மெட்ராஸ் ஐதான். வேறு வியாதியே கிடையாது. பந்தக்கால் நட்ட அன்று என்னைப் பார்த்ததும் சித்தி முந்தானையால் தன் கண்ணை மறைத்துக்கொண்டாள். பார்த்தாலே தொற்றிக்கொள்ளுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க சித்தி."

"யாரு இல்லேன்னா? புதுப்பொண்ணும்மா அது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? எம் பொண்ணும் அவனுக்கு அக்காதானே, அவ போடட்டும்."

பக்கத்தில் நின்ற அம்மா மஞ்சள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தி சொன்னதைவிட அதுதான் என்னைச் சுட்டது.

முகூர்த்தத்தன்று கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். கண்ணைத் தேய்த்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டேன். ஓமப் புகை வேறு. கண்ணீர் நிற்காமல் வழிய, முன்வரிசைப் பெண்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மேடையில் மணப்பெண்ணுக்குப் பின்னால் சித்தி தன் மகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். போய்ப் பிடித்துத் தள்ளினால் தம்பி கல்யாணத்தில் சண்டை போட்டவள் என்று பெயர் வரும். சும்மா நின்றால் என் முடிச்சு போய்விடும். தூணோரமாகவே நின்றேன்.

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். "நாத்தனார் வாங்கோ" என்றார் ஐயர். சித்தி மகள் குனிந்தாள். மணப்பெண் சட்டென்று கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாலிக்கயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி எங்க?"

சித்தி அவள் காதோரம் குனிந்து என் கண் விஷயத்தைச் சொன்னாள். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. மேளக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"தெரியும். அவங்கள வரச் சொல்லுங்க" என்றாள். கையை எடுக்கவில்லை.

போனேன். நீர் மறைத்ததில் கயிறே தெரியவில்லை. தடவித் தடவித்தான் பிடித்தேன். என் விரல் அவள் கழுத்தில் படாமல் இருக்க நான் படும் பாடு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையை இன்னும் தாழ்த்திக் கொடுத்தாள்.

"நல்லா இறுக்கிப் போடுங்க அண்ணி. எங்கண்ணும் செவந்தா செவந்துட்டுப் போவுது."