தடுக்கப்பட்டது

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்ததும், அவர் கையிலிருந்த தாள்களை அப்படியே போட்டுவிட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுவார். ஜன்னலையும் சாத்துவார். ஜன்னல் எதற்கு என்று மனைவி கேட்டால், "வந்துட்டான்டி. உனக்கு எல்லாமே விளையாட்டு" என்பார்.

வீட்டிலிருந்தபடியே பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் 'பூட்டு சார்' என்றே பெயர். கம்ப்யூட்டரில் பாதுகாப்பு சாஃப்ட்வேர் போட்ட பிறகு அது அடிக்கடி சிவப்புப் பெட்டியில் 'போர்ட் ஸ்கேன்' என்று எச்சரித்தது. எவனோ தன்னையே குறிவைத்துச் சுற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அண்ணனுடன் பல வருடங்களாகப் பேச்சில்லை. வேறு ஊரில் அந்த அண்ணனுக்கு இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். பச்சை உடுப்பில் அண்ணன் ஒடுங்கிப்போயிருந்தார்.

"டேய் தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ரொம்ப நாளா..."

அந்த முகத்துக்குக் கீழே சிவப்புப் பெட்டி முளைத்தது. யோசிக்குமுன் கை வயரைப் பிடுங்கிவிட்டது. பதறிப்போய்த் திரும்பச் செருகினார். மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக, ஆற அமர எரிந்தன. அதற்குள் அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கண் விழிக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பின், மனைவிதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பெண்ணை அழைத்து வந்தார்.

"இது உங்களைத் தேடி வர்றது இல்ல சார். எங்கயோ ஒரு மிஷின், கண்ணுல படுற கம்ப்யூட்டரையெல்லாம் கதவு தொறந்திருக்கான்னு தள்ளிப் பார்த்துக்கிட்டே போகும். தொறக்கலைன்னா அடுத்த வீடு. உங்க சாஃப்ட்வேர் அதை உள்ள விடலைன்னுதான் சொல்லுது. கீழ போட்டிருக்கு பாருங்க."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். சிவப்பு எழுத்துக்கு அடியில், சாம்பல் நிறத்தில், பொடியாக ஒரே சொல்: தடுக்கப்பட்டது.

"இது... எப்பவுமே இருந்துச்சா?"

"ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு சார்."

"அன்னிக்கும்?"

எந்த நாளைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. "என்னிக்கும்தான் சார். வேணும்னா இந்த எச்சரிக்கையே வராம நிறுத்திடவா?"

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

வயர் மேஜையில் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஞாயிறுகளில் அண்ணி வீடியோவில் கூப்பிடுகிறார். இவர் கேட்பதும் அதே கேள்வி, அவர் சொல்வதும் அதே பதில்: "எனக்கென்ன தெரியும் தம்பி? உங்ககிட்டதான் சொல்லணும்னாரு, என்கிட்ட வாயே தொறக்கலை."

அழைப்பை ஏற்றதும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறார். பிறகு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.