கிருஷ்ணம்மாவின் சிவப்பு மெசினுக்கு வந்த உதறல்

சிம்பாங் ரெங்கத்தில் புல்லு வெட்டுகிற கிருஷ்ணம்மா வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். வாசலில் சிவப்பு மெசின் நிற்கிற வீடு. தள்ளிக்கொண்டு போகிற மெசின் இல்லை, ஜம்மென்று ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மெசின். ஸ்டியரிங் உண்டு, நாலு சக்கரம் உண்டு. நடு வயிற்றில் அகலமான இரும்பு மூடி ஒன்று கவிழ்ந்திருக்கும். அதற்கு டெக் என்று பெயர். அதனடியில்தான் இரண்டு கத்திகள் சுழலும்.

கல்யாணமான வருடத்திலிருந்து தொழிற்சாலையில் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனபோது, கையில் கொடுத்த காசை அப்படியே கொண்டுபோய் இந்தப் பழைய மெசினில் போட்டாள். ஊர் சிரிக்காமல் இருக்குமா? கிருஷ்ணன் தேர் ஓட்டினான், கிருஷ்ணம்மா புல்லு மெசின் ஓட்டுகிறாள், புருஷன் பேர்கூட அர்ச்சுனன்தான், பொருத்தத்தைப் பாருங்கள் என்று கோயில் வாசலிலேயே கிண்டல். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடத் திடலில் தொப்பி மாட்டிக்கொண்டு முதல் சுற்று வந்த அன்று வந்த சந்தோஷம் தலைப்பிரசவத்தில்கூட வரவில்லை என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். மகள் ரூபினிக்கு அதில் இன்றுவரை கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பேர்ப்பட்ட மெசினுக்குத்தான் உதறல் வந்தது. கத்தி சுற்ற ஆரம்பித்ததும் டெக் கிடுகிடுவென்று ஆடும். உட்கார்ந்திருப்பவளுக்குப் பல் தந்தியடிக்கும். புதுக் கத்தி மாட்டியும் நிற்கவில்லை. பட்டறைக்காரர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கத்தி மாட்டுகிற தண்டு வளைந்திருக்கும், இந்தப் பழைய மாடலுக்குச் சாமான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

அர்ச்சுனன் சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுகிறவர். இரும்பு பறந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர். "கத்தி கழண்டு வந்து உன் கால்ல பாஞ்சா யாரு பதில் சொல்றது? வேணாம் புள்ள, வித்துரலாம்" என்று பக்கத்து ஊர் குளுவாங்கில் பழைய மெசின் வாங்கும் ஒரு கடை முதலாளித் தவுக்கேயைப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை லோரியோடு வருகிறேன் என்றார் தவுக்கே. விற்றுவிட்டால் கிருஷ்ணம்மாவுக்கு இன்னொரு மெசின் வாங்க வழியில்லை. மறுபடியும் ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஞாயிறு விடிந்ததும் அவள் ஸ்பேனரோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னும் என்னா பாக்குற? பாத்துதான் சொல்லிட்டாங்களே" என்றார் அர்ச்சுனன், கோப்பி டம்ளரும் கையுமாக.

"அவங்க பாத்தாங்க. நான் இன்னும் பாக்கல. தவுக்கே வர வரைக்கும் இது என் மெசின்தானே? பேசாம கோப்பியக் குடிங்க லா."

இஞ்சினை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாள். உதறல் இல்லை. அப்படியானால் இஞ்சினில் குற்றமில்லை. கத்தியா? பிளக் வயரைக் கழற்றிவிட்டு, முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, படுத்தபடி இரண்டு கத்திகளையும் கழற்றினாள். சுவரில் ஒரு ஆணி அடித்து, நடு ஓட்டையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது கத்தி. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. கத்தியே இல்லாமல் சுற்றவிட்டால் என்ன?

மெசினை இறக்கி, வயரை மாட்டி, ஏறி உட்கார்ந்து கத்தித் தண்டுகளைச் சுற்றவைக்கும் விசையைப் போட்டாள். டெக் கிடுகிடுவென்று ஆடியது.

"ஐயோ!" என்று அவள் போட்ட கூச்சலில் அர்ச்சுனன் கோப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார். விரல் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார் மனுஷன்.

"உதறுதுங்க! கத்தி இல்லாமயே உதறுது!"

"அலமாக்! உதறுதுன்னா இவ்வளவு சந்தோஷம்?"

"அட, அப்ப கத்தி மேல தப்பு இல்லீங்க! வேற என்னமோ இருக்கு. இன்னும் ரெண்டே ரெண்டு எடம்தான் பாக்கி!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அர்ச்சுனனுக்கும் அந்த ஆட்டம் தொற்றிக்கொண்டது. ஈரச் சட்டையோடு அவரும் தரையில் உட்கார்ந்தார். இஞ்சினை நிறுத்தி, வயரைக் கழற்றி, மறுபடி பலகையில் ஏற்றினார்கள். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, தண்டின் நுனியை உரசாமல் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். தண்டு வளைந்திருந்தால் ஒரு பக்கம் ஈர்க்கை இடிக்கும், மறுபக்கம் விலகும். இடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பேரிங் கல்லு மாதிரி நின்றது. அடுத்த தண்டும் அப்படித்தான்.

"வளைஞ்சிருக்குன்னு சொன்னானே, அந்த ஆளு வாய்ல..." என்று ஆரம்பித்த அர்ச்சுனன், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மிச்சம் பெல்ட்டும், அது ஓடுகிற புல்லி என்கிற உருளையும்தான். இரண்டும் டெக்கின் மேல்புறம், ஒரு தகர மூடிக்கடியில் இருந்தன. அதன் நட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. கிருஷ்ணம்மா முக்கி முனகிப் பார்த்தாள், அசையவில்லை. அர்ச்சுனன் தன் லோரியிலிருந்து நீளமான ஸ்பேனரைக் கொண்டுவந்து உடம்பைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். முதல் நட்டு கிரீச்சென்று கழன்றது. அதே நேரம் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. தவுக்கே வந்துவிட்டார்.

கிருஷ்ணம்மா அடுத்த நட்டைக் காட்டினாள். "சீக்கிரம், சீக்கிரம்ங்க!" தவுக்கே இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதற்குள் மூடி திறந்துவிட்டது.

உள்ளே காய்ந்த புல் அடை அடையாக அப்பியிருந்தது. இரண்டு கையாலும் வாரிப் போட்டாள். ஒரு புல்லியின் பள்ளத்தில், பெல்ட் படிகிற இடத்திலேயே, கறுப்பாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் உருகி இறுகிய நைலான். புல்லி சுற்றும்போதெல்லாம் பெல்ட் இந்த மேட்டில் ஏறி ஏறி விழுந்திருக்கிறது. உதறாமல் என்ன செய்யும்? "கெடச்சிருச்சு! கெடச்சிருச்சு!" என்று தவுக்கே இருப்பதையும் மறந்து குதித்தாள். திருப்புளியால் நெம்பியதும் கட்டி பெயர்ந்து வந்தது. கூடவே புல்லுக்குள்ளிருந்து அதே நைலானில் பின்னிய கறுப்புக் கயிற்றுத் துண்டு ஒன்றும், அதில் கோத்த ஒரு வெள்ளைச் சோழியும் வந்து விழுந்தன.

கிருஷ்ணம்மா சோழியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, எதிரே நின்ற புருஷனின் லோரியைப் பார்த்தாள். அதன் முன் பம்பரில் அதே கறுப்புக் கயிறு, அதே சோழி, திருஷ்டிக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன் வானத்தைப் பார்த்தார்.

"எப்பக் கட்டினீங்க?"

"தீபாவளிக்கு முந்தி. அந்த மூடி ஓரமா, உனக்குத் தெரியாம. லோரியில கட்டினா ஒண்ணும் ஆவறதில்லயே..."

"லோரி பம்பர் சுத்துதா? இது உள்ள சுத்துதே! இழுத்துக்காதா?" கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று வேலையைப் பார்த்தாள். பள்ளத்தைச் சுரண்டித் துடைத்து, கத்திகளை மாட்டி, மூடியைப் போட்டு முடுக்கி, மெசினை இறக்கி வயரை மாட்டினாள். அர்ச்சுனன் தவுக்கேக்குக் கொண்டுவந்து கொடுத்த கோப்பியை வாங்கி டெக் மேலேயே வைத்துவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஏறி விசையைப் போட்டாள். கத்திகள் உய்யென்று சுற்றின. கோப்பியில் லேசாக வட்டம் எழுந்தது, ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை.

அவள் மெசினை நிறுத்தியபோது தவுக்கேயின் கண் விரிந்திருந்தது. போனில் பேசியதைவிட அதிகமாகவே தருகிறேன் என்றார். "ஜாடி ஜுவாலா?" என்று, விற்பது உறுதிதானே என்கிற மாதிரி அர்ச்சுனனைப் பார்த்தார்.

"தா ஜாடி, தவுக்கே. விக்கல" என்றார் அர்ச்சுனன். பெண்சாதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பட்டென்று சொன்னார். தவுக்கே கோப்பியை எடுத்துக் குடித்துவிட்டுச் சிரித்தபடியே கிளம்பினார்.

கிருஷ்ணம்மா சோழியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அது சரி. ஊரே சிரிக்கிற மெசினு. இதுல யாரு கண்ணு படும்னு கட்டினீங்க?"

அர்ச்சுனன் கொஞ்சநேரம் ஸ்பேனரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சனிக்கெழமையில நீ திடல்ல வெட்டுறப்ப, லோரிய அந்தப் பக்கமா நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நீ வளைச்சு வளைச்சு ஓட்டுற அழகு இருக்கே... என் கண்ணே பட்டுரும் போல இருந்துச்சு, புள்ள."

இத்தனை நாளும் இந்த மனுஷனுக்கு மெசினைக் கண்டாலே ஆகாது என்றல்லவா நினைத்திருந்தாள். உள்ளே போய்ப் புதுக் கறுப்புக் கயிறு ஒன்று கொண்டுவந்தாள். சோழியைக் கோத்து அவர் கையில் கொடுத்து, இருக்கையின் முதுகைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க எதுவும் சுத்தாது. இங்கக் கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க."