களத்தில் சொல்லாத சாவு

செத்துப்போன ஓர் ஆங்கிலேயப் பந்தாட்டக்காரனுக்கு நான் ஒரு பின்னேரம் கஞ்சி பருக்கியிருக்கிறேன். உலக விஷயம் தெரிந்தவன் என்று வன்னியில் புளியங்குளத்துப் பக்கம் எனக்கு அப்போது ஒரு பெயர். ஆங்கிலப் பத்திரிகை வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி, மாசி மாதம், காலபோக நெல் அறுவடை. பக்கத்துக் காணிக்காரரை அம்மான் என்று கூப்பிடுவேன். இரத்த உறவில்லை, அரசாங்கக் குடியேற்றத்தில் அடுத்த காணி கிடைத்தாலே உறவுதான். அவருடைய ஒரே மகன் கதிர் ஏற்றிய வண்டிலிலிருந்து விழுந்து, சில்லு இடுப்பில் ஏறி, வவுனியா ஆசுபத்திரியில் கிடந்தான்.

அதே கிழமைதான் ஐரோப்பாவில், ஓர் ஆங்கிலேயப் பந்தாட்ட அணி போன விமானம் பனி மூடிய ஓடுபாதையில் நொறுங்கியது. அதில் அடிபட்டு, சிறுநீரகம் பழுதாகி ஆசுபத்திரியில் கிடந்த அந்த ஆட்டக்காரனுக்கு இருபத்தொரு வயது. பதினாறில் பெரிய கழகத்துக்கு ஆட வந்து, பதினெட்டில் நாட்டுக்கே ஆடியவன். ஆட்டத்தில் எங்கே நிறுத்தினாலும் அந்த இடம் அவனுடையதாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். முன்பெல்லாம் நான் அவனைப் பற்றி வாசித்துச் சொல்லச் சொல்ல, அம்மானின் மகன் பத்திரிகைப் படத்தில் பார்த்தபடி கால்சட்டையை மேலே மடித்துக்கொண்டு எங்கள் ஊர் அணிக்கு ஆடியவன்.

தகப்பனைத் தேற்றப்போய் நான்தான் உளறினேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வயசு அம்மான். அந்தப் பெடியன் தேறி வாறான் எண்டு பேப்பர் சொல்லுது. எங்கடையவனும் எழும்புவான்.”

அன்று தொடங்கி, மகனுடைய சுகத்தையும் அவர் என்னிடம்தான் விசாரித்தார், வெள்ளைக்காரன் வழியாக.

“இண்டைக்கு என்னவாம் தம்பி?”

“மூத்திரம் கொஞ்சம் போகுதாம்.”

“முருகா!” என்று கும்பிடுவார்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் வந்த பத்திரிகை அந்த ஆட்டக்காரன் இறந்துவிட்டான் என்றது. அதைச் சுருட்டிக்கொண்டு வயல் வரம்பால் நழுவப் பார்த்தேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்மான் கண்டுவிட்டார்.

“தம்பி, பெடியன் என்னவாம்?”

“வெள்ளைக்காரன்ரை சுகம் கேளாட்டி உவருக்குச் சோறு இறங்காது,” என்றான் கூடத் தூற்றியவன்.

மாடு விட்டுச் சூடு மிதிக்கும் நெற்களத்தில் ‘இல்லை’, ‘முடிஞ்சுது’, ‘செத்துது’ என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. சொன்னால் விளைச்சல் குறையுமாம். அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நானே உண்டாக்கிய ஒப்பீட்டில்தான், வெட்கக்கேடு, நம்பிக்கை வந்திருந்தது. ஆட்டக்காரன் செத்தான் என்று சொன்னால் வவுனியாவில் கிடப்பவனையும் என் வாயால் கொன்றுவிடுவேன் போலிருந்தது.

“எழும்பி இருந்து கஞ்சி குடிச்சவனாம் அம்மான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, விளைச்சல் பெருகக் களத்தில் சொல்கிறபடி, “பொலி, பொலி” என்று சுளகை உயர்த்தினார். அடுத்த நாள் விடிய, நெல்லை அப்படியே விட்டுவிட்டு வவுனியா பஸ் ஏறிப் போனார்.

மகன் பிழைத்தான். வைகாசியில் பொல்லூன்றி வந்தான். அதன்பின் அவன் ஆடவில்லை. வந்ததும் என்னிடம் கேட்டது அந்த ஆட்டக்காரனைப் பற்றித்தான். முற்றத்தில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

பக்கத்தில் நின்ற அம்மானிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். “அண்டைக்குக் களத்திலை நான் சொன்னது...”

“அது அண்டைக்கே தெரியும்,” என்றார். “செத்தவீட்டிலைகூட ஆரும் அப்பிடி முகத்தை வைச்சிருக்கமாட்டினம். சொல்லை விடும் தம்பி, உம்மடை மூஞ்சையைத்தான் களத்துக்குக் கொண்டுவரக்கூடாது.”