கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு விரல்

பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் மின்னல். முக்கால் மணி நேரத்தில் ஒரு கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது, கூடவே வேலை பார்த்த தங்கை. நான்கு வருடத்துக்கு முன், அவள் கையை எடுத்துவிட்டாளா என்று கேட்காமலே கியர் பெட்டியை என்ஜினோடு சேர்த்துத் தள்ளினார். அவளுக்கு மோதிர விரலின் நுனிக் கணு போனது. காயம் ஆறியதும் அவள் தன் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. மின்னலும் ஆமையானார். ஒரு போல்ட்டை முறுக்குவதற்குள் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார்.

இப்போது அவளே வந்து நின்றாள். வராமல் என்ன செய்வாள்? அவளுடைய பழைய ஸ்போர்ட்ஸ் செடானில் ஐந்து கியர் பெட்டி பல் உதிர்ந்து கிடந்தது. உதிரிபாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறொரு காரின் ஆறு கியர் பெட்டியை அந்த என்ஜினோடு சேர்க்க வேண்டுமானால் நடுவே ஒரு அலுமினியத் தட்டு வேண்டும். அதை மயிரிழை பிசகாமல் கடையத் தெரிந்தவர் அவர்தான்.

“வண்டி வேலை மட்டும் பேசலாம்,” என்றாள்.

“சரிம்மா,” என்றார்.

அவர் தட்டைக் கடைந்து முடித்த அன்று, கார் லிஃப்டில் தலைக்கு மேல் நின்றது. புதுப் பெட்டி பழசைவிட ஒரு சாண் நீளம். ஜாக் அதன் வயிற்றைத்தான் தாங்கியது. பாரமான பின்பக்க வாலை ஒருவர் தூக்கிப் பிடித்தே ஆகவேண்டும். வாலைத் தாழவிட்டால் முன்பக்கத்தின் அடி விளிம்பு என்ஜினோடு நெருங்கி, நடுவில் இருப்பதை நசுக்கிவிடும். அவர் வாலைப் பிடித்துக்கொள்ள, அவள் முன்னால் நின்று வழி சொன்னாள். ஷாஃப்ட் கிளட்சுக்குள் போனது. பிறகு ஒரு விரற்கடை இடைவெளியில் பெட்டி முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

“போல்ட்டைப் போட்டு இழுத்துரலாமா?”

“வேண்டாம். தட்டு விரிசல் விட்டுரும். என்ன தடுக்குதுன்னு பாரு.”

அவள் டார்ச் அடித்தாள். தட்டை நேராக நிறுத்தும் புஷ் என்கிற சின்ன உலோக வளையம் கீழ்த் துளையில் சாய்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் வைத்தால் வழுக்கியது. விரலை விட்டு நிமிர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. பழக்க தோஷம், அவள் கை தானாக அங்கே போனது.

“கையை எடு!”

அவர் போட்ட சத்தத்தில் டார்ச்சே கீழே விழுந்தது.

“நீ வாலைப் பிடி. நான் விரல் வைக்கிறேன்.”

அவள் அசையவில்லை. “நான் விட்டுட்டா?”

“விட்டா விட்டதுதான். ஏன்னு கேட்க மாட்டேன்.”

இடம் மாறினார்கள். முழு விரல் ஒன்பதும் குறை விரல் ஒன்றுமாக அவள் பாரத்தை வாங்கிக்கொண்டாள். அவர் ஆள்காட்டி விரலை இடுக்கில் நுழைத்தார். புஷ் எண்ணெயில் நழுவியது. அவள் முழங்கை நடுங்குவது பெட்டி வழியாக அவர் விரலுக்குத் தெரிந்தது. உலோகம் நகத்தை லேசாக அழுத்தியது. பயந்தார், பயந்ததை மறைக்கவும் இல்லை.

“சீக்கிரம்ணே... கை விட்டுப்போகுது.”

புஷ் நிமிர்ந்து உட்கார்ந்தது. விரலை உருவிக்கொண்டார். “ம், தள்ளு.”

அவள் தள்ளவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, பல்லைக் கடித்தபடி கேட்டாள்: “கையை எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்மா.”

“காட்டு.”

இரண்டு கைகளையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் பார்த்தாள், ஒவ்வொன்றாக. அப்புறம்தான் தள்ளினாள். பெட்டி சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொண்டது.

“இவ்ளோ நேரம்தாண்ணே ஆகும் கேக்கறதுக்கு,” என்றாள்.

விரித்த கைகளை மடக்கத் தோன்றாமல், காருக்கு அடியில் நின்றபடியே அவர் அழுதார்.