பெல்ட்டை நிறுத்திய அக்கா

பெல்ட் நின்றதும் கிடங்கில் விழுந்த அமைதிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில், தகரக் கூரை போட்டுக் கட்டிய பார்சல் கிடங்கு அது. பொட்டலங்களைச் சுமந்தபடி அந்தப் பட்டை நாள் முழுக்க ஓடும். அதன் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி எங்கள் எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. அன்று அது நின்றபோது கூரைமேல் மைனா நடக்கும் சத்தம்கூடக் கேட்டது. நிறுத்தியவர் அக்கா.

பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பகுதியில் அவர் மூத்தவர். கமுந்திங் ஒரு பக்கம், ஆயர் தாவார் ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருப்பார். வங்காளதேசத்து ஆட்கள்கூட அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நான் அங்கே வேன் ஓட்டினேன். நான் சேர்ந்த புதிதில் பெல்ட்டின் இரு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். பிறகு, விலகிப் போனவர்களின் இடத்தில் யாரையும் போடவில்லை. ஒரு பக்கம் காலியாயிற்று, பெல்ட்டின் வேகம் மட்டும் கூடியது. வேன் ஓட்டிகளையும் ஒருநாள் மாடிக்கு அழைத்து, இனிமேல் நீங்கள் தொழிலாளிகள் இல்லை, கம்பெனியின் பங்காளிகள் என்றார்கள். அன்றோடு மாதச் சம்பளம் போய், கொடுத்த பார்சலுக்குத்தான் கூலி என்றானது. பெட்ரோலும் டயரும் எங்கள் பாடு. காய்ச்சலில் படுத்தால் அதுவும் எங்கள் பாடு. கீழே வந்து அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த பெட்டியைத் தள்ளிவிட்டு, "பங்காளின்னா சொத்துல பங்கு கேக்கலாம்லா. போய்க் கேட்டுப் பாரு" என்றார். அவர் சிரிக்கவில்லை.

பெருநாள் மலிவு விற்பனை நடந்த சமயம் அது. பெல்ட்டில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அக்காவுக்கு அடுத்து நின்றவன், எங்கள் எல்லாருக்கும் மச்சான் முறை கொண்டாடும் ஒரு கலகலப்பான ஆள். துணைக்கு யாருமில்லாமல் தனியாகவே அதைக் கட்டிப்பிடித்து இறக்கினான். பாதியில் முதுகு பிடித்துக்கொள்ள, அப்படியே தரையில் சரிந்தான். அவனால் கத்தக்கூட முடியவில்லை. மேற்பார்வையாளர் ஓடிவந்து, அவனை ஓரமாக இழுத்துப் போடுங்கள், பெல்ட் நிற்கக்கூடாது என்றார். எடுக்க ஆளில்லாத பொட்டலங்கள் பெல்ட்டின் முனையிலிருந்து அவனைச் சுற்றி விழுந்தன. ஒன்று அவன் காலிலேயே விழுந்தது. அக்கா வேகமாகக்கூட நடக்கவில்லை. தூணருகே போய், சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

நாங்கள் 'போஸ்' என்று கூப்பிடும் மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவரும் தமிழர்தான், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னாக்கா, நம்ம ஆளா இருந்துக்கிட்டு நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுதான், போஸ், கீழ கெடக்குறான்" என்றார் அக்கா.

ஆம்புலன்ஸ் வந்து மச்சானை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் பொத்தானை விட்டு நகரவில்லை. பிறகும் நகரவில்லை. கனமான சாமானுக்கு இரண்டு பேர் போட்டால்தான் பெல்ட் ஓடும் என்றார். வாசலில் லோரிகள் வரிசை கட்டி நின்றன. நாங்களும் வேன் கதவுகளைச் சாத்திவிட்டு அவர் பின்னால் போய் நின்றோம். மேலாளர் அன்றைக்குச் சரி என்றார். பெருநாள் முடிந்ததும், கம்பெனிக்கு நட்டம் உண்டாக்கினார் என்று சொல்லி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவர் வழக்குப் போட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். விசாரணை நாட்களில் பாய் விடுப்புக் கொடுப்பார். "போய்ட்டு வாங்க, தட்டு எங்கயும் ஓடிப் போவாது" என்பார். கம்பெனி தரப்பில், தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அந்த ஆள் தானாகத்தான் தூக்கினான் என்றார்கள். மச்சான் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து சாட்சி சொன்னான். நானும் சொன்னேன். அதன்பிறகு எனக்கு அங்கே பார்சல் தருவது நின்றுபோனது. பங்காளியை வேலை நீக்கம் செய்யவேண்டிய அவசியம்கூட இல்லையே. வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நடுவில், பணம் தருகிறோம், பேசாமல் விலகிவிடுங்கள் என்று கம்பெனி ஆள் அனுப்பியது. அக்காவின் கணவரே வாங்கிக்கொள்ளச் சொன்னார். வீட்டுக் கடன் பாக்கி இருந்தது, மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. நான் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து அக்கா சொன்னார். "காச வாங்கிட்டா நான் செஞ்சது தப்புன்னு ஆயிரும். எனக்கு அந்த வேலதான் வேணும். அதே எடத்துல."

பாகான் செராய் கிளைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். கடைசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, பழைய வேலையே கிடைத்தது.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மச்சானுக்கு முதுகு முழுதாகக் குணமாகவில்லை. லாட்டரிச் சீட்டுக் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை செய்கிறான். வேன் ஓட்டிகள் இன்றும் எல்லாக் கம்பெனியிலும் பங்காளிகள்தான். அந்தக் கிடங்கில் ஆள் பற்றாக்குறையும் தீரவில்லை.

ஆனால் அக்கா திரும்பிப் போன முதல் நாள் நடந்ததை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். காலையிலேயே ஒரு பெரிய இரும்பு அலமாரி பெல்ட்டில் வந்திருக்கிறது. அக்கா அதன் ஒரு முனையில் கைவைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார். பின்னால் பார்சல்கள் முட்டிக்கொண்டு ஏறின. மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையில் மாட்டியிருந்தார்கள். புதிதாக வந்திருந்த மேலாளர் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டபடி அருகில் வந்தார். அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் புடிங்க போஸ்" என்றார்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிடித்தாராம்.