அரை டாக்டரின் அஞ்சா நெஞ்சம்

"பயம்ங்கிறது விஷயம் தெரியாதவங்களுக்கு வர்ற வியாதி. எல்லாம் தெரிஞ்சவனை அது என்ன பண்ணும்?"

கொள்ளைநோய் பரவத் தொடங்கிய வாரத்தில் அடுக்குமாடியின் படிக்கட்டில் நின்று இப்படி முழங்கியவர் ஒரு மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர். குடியிருப்பில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். மீதி அரையை அவரே சேர்த்துக்கொள்வார்.

வெறும் வாய்ச்சவடால் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்த நோய் பற்றிய மாணவர்களின் அறிவையும் மனப்பான்மையையும் அளக்கக் கல்லூரி இணையத்தில் கேள்விகள் அனுப்பியபோது, அறிவுப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். மனப்பான்மைப் பகுதியில், 'நோயாளியை நெருங்கத் தயக்கம் உண்டா?' என்ற கேள்விக்கு, 'துளியும் இல்லை' என்பதை அழுத்தினார். அழுத்திய விரலை உடனே சோப்புப் போட்டுக் கழுவினார்.

பிறகு, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அவருடைய அக்காவுக்கு நோய் வந்தது. அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், குறைந்தால் உடனே மருத்துவமனை என்றார் மருத்துவர். மேற்பார்வைப் பொறுப்பு நம்மவர் தலையில் விழுந்தது. கூடத்தின் மறுகோடியில் உலாத்தியபடி, செல்பேசியில் சிகிச்சையைத் தொடங்கினார்.

"பேரு?"

"டேய்!"

"முறைப்படி கேட்கணும்க்கா. வகுப்புல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. வயசு? தொழில்? குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"நீயும் அதே குடும்பம்தான்டா எருமை! அம்மா உன் பக்கத்துலதானே நிக்கிறாங்க, கேளு."

நம்மவர் அம்மா பக்கம் திரும்பி, அதே குரலில் கேட்டார். இருக்கிறது என்று அம்மா பயபக்தியோடு பதில் சொன்னாள்.

நோயாளி தூங்கிய நேரங்களில் அவர் தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டார். சோப்பு மணக்கிறதா என்று முகர்ந்தார், மணத்தது. உண்மையிலேயே மணத்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி முகர்ந்தார். கூடத்தின் குறுக்கே அவர் நடந்த நடைக்குத் தரை தேயாதது ஆச்சரியம்.

மறுநாள் பிற்பகல், "அளவு என்னக்கா?" என்று கேட்டார்.

"கருவி கட்டிலுக்கு அடியில விழுந்துடுச்சுடா. குனிஞ்சா மூச்சு வாங்குது. நீயெல்லாம் ஒரு டாக்டர்னு..."

அதோடு நின்றுவிட்டாள். கிண்டலைப் பாதியில் விடுகிற பெண் அல்ல அவள்.

"தள்ளுடா, நான் போறேன்" என்றாள் அம்மா.

"சர்க்கரையை வச்சுக்கிட்டு நீ போகாதம்மா."

முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் போட்டார். கதவுக்கும் கட்டிலுக்கும் இடையில் காற்றில் என்னென்ன மிதக்கும், அது உள்ளே போனால் நுரையீரலை என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்கு வரி விடாமல் தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உள்ளே போனார். கருவியைத் தேடி எடுத்து அக்காவின் விரலில் மாட்டிப் பிடித்துக்கொண்டார். எண் வந்தது, மறைந்தது, வெறும் கோடானது. மறுபடி மாட்டினார். மறுபடியும் கோடு.

"பேட்டரி போச்சு போல."

"உன் கையைப் பாருடா."

பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. அக்கா மற்றொரு கையால் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். எண் நிலைத்தது: தொண்ணூற்றைந்து. மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு அல்ல.

"எவ்வளவுடா?" வெளியிலிருந்து அம்மா.

எண் மறுபடி மறைகிறதா என்றே நம்மவர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் சொன்னாள். பிறகும் அவள் பிடியை விடவில்லை. விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.